மலைக்காளான் பீட்சா

கள்ளக்குறிச்சியில் துருகம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் தைலா பீட்சா கடை இருக்கிறது. நான்கு மேசை, ஒரு செங்கல் அடுப்பு, வாசலில் செருப்பு விட ஒரு பலகை. பீட்சா கடையில் செருப்பைக் கழற்றும்படி யாரும் சொல்லவில்லை. கடை திறந்த அன்று வந்த ஒரு பெரியவர் கழற்றிவிட்டு உள்ளே போனார். பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். அது நிலைத்துவிட்டது.

கடைக்காரி தைலம்மாளுக்கு முப்பத்து நான்கு வயது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். ஆறு வயதில் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அப்புறம் மலைக்குப் போனதெல்லாம் லீவுக்கு மட்டும்தான். பன்னிரண்டாவது முடித்ததும் பெங்களூருக்குப் போய் ஒரு பெரிய பீட்சா கடையின் சமையற்கட்டில் மாவு உருட்டினாள். பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து இந்தச் சந்தில் கடை போட்டபோது, பக்கத்தில் ரவிக்கை தைக்கும் ஜெயசுதாதான் முதலில் சிநேகமானாள். அடுத்து அறிவுச்செல்வன். குட்டியானை வண்டியில் மைக் கட்டி, தெருத் தெருவாக வெங்காயமும் தக்காளியும் விற்கிறவன்.

செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு. அன்று மூன்று பேரும் குட்டியானையின் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து எங்காவது சாப்பிடப் போவார்கள். சங்கராபுரத்தில் ஒரு வீட்டின் முன்கட்டில் போடும் ஆட்டுக்கால் பாயா, சின்னசேலம் ஸ்டேஷன் பக்கம் ஒரு அம்மாள் சுடும் கம்பு அடை, ஏதோ ஒரு ஏரிக்கரையில் கெளுத்தி மீன் குழம்பு. பிடித்துப்போனால் அந்த ருசி அடுத்த நாள் பீட்சாவின்மேல் ஏறும். நாட்டுக்கோழி வறுவல் பீட்சாவுக்காகச் சின்னசேலத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். கருவாட்டுப் பீட்சாவை மட்டும் ஒருவரும் வாங்கவில்லை. மூவரும் அதை ஒரு வாரம் தின்று தீர்த்தார்கள்.

ஊரில் அவளுக்கு 'மலைக்காரப் பொண்ணு' என்று பெயர். தேன் நல்லதா, இந்தச் சாமை எந்த ஊருடையது, இந்தக் கிழங்கை எப்படி வேகவைப்பது என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வாள். தெரியாததையும் சில சமயம் தெரிந்ததுபோலச் சொல்லிவிடுவாள். அப்படிக் கேட்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

காலாண்டுப் பரீட்சை லீவு சமயம். மலையில் இடியும் மழையுமாக இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை மூவரும் தைலம்மாளின் தாய்மாமன் கருப்பண்ணன் வீட்டுக்குப் போனார்கள். சாமைச் சோறும் காளான் குழம்பும் போட்டார்கள். ஜெயசுதா மூன்று முறை சோறு வாங்கினாள். "கறியெல்லாம் இதுக்கு முன்னாடி நிக்காது தைலா. இத வுட்டுட்டு இன்னாத்துக்கு பன்னீர போட்டுகினு கீற?" என்றாள்.

இறங்கும் வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும், புல்சரிவில் வெள்ளை வெள்ளையாகக் குடை விரித்து நின்றதை அறிவுச்செல்வன்தான் பார்த்தான். வண்டியை ஓரங்கட்டினான்.

"அக்கா, இது அதானே? மத்தியானம் சாப்ட்டது?"

தைலம்மாள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். உள்ளங்கை அகலம், வெள்ளை, உச்சியில் பழுப்புத் திட்டு. "அதேதான்" என்றாள். சொல்லும்போது சந்தேகம் எதுவும் இல்லை. ஒரு கூடை நிறையப் பறித்தார்கள்.

மறுநாள் காலை கழுவும்போது சில குடைகளின் அடிப்பக்க மடிப்புகள் லேசாகப் பச்சை பூத்திருந்தன. புல்லின் சாறு ஒட்டியிருக்கும் என்று நினைத்து இன்னொரு முறை அலசினாள். மிளகும் பூண்டும் போட்டு வதக்கினாள். ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தாள். நன்றாக இருந்தது. வாசல் கரும்பலகையில் 'இன்று மலைக்காளான் பீட்சா' என்று எழுதினாள்.

முதல் பீட்சாவை ஜெயசுதா கையோடு வாங்கிக்கொண்டு போய்த் தன் கடையில் வைத்துத் தின்றாள். அடுத்தது, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற வீரமுத்து, பேத்தி மீனாவோடு வந்து உட்கார்ந்து சாப்பிட்டது. மூன்றாவதை சுபலட்சுமி கட்டி வாங்கிப்போனாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. அம்மா வீட்டுக்கு சங்கராபுரம் பஸ் ஏறப்போகிறேன், வழியில் தின்பேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நான்காவதை, சிவப்பு ஹெல்மெட் போட்ட ஒருவர் வாங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. ரொக்கமாகக் கொடுத்துவிட்டு பைக்கில் போய்விட்டார். புது ஆள்.

ஐந்தாவது அடுப்பில் இருந்தபோது, பக்கத்துக் கடையில் தையல் மிஷின் ஓடும் சத்தம் நின்றது. தைலம்மாள் அதைக் கவனிக்கவில்லை. அப்புறம் யாரோ ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது, ஜெயசுதா வெட்டுத்துணிக் குவியலின்மேல் கையூன்றிக் குனிந்திருந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"இன்னான்னு தெரில. குடலே வெளிய வந்துடும் போல கீது" என்றாள். மறுபடியும் வாந்தி எடுத்தாள். வந்ததில் காளான் துண்டுகள் கிடந்தன.

தைலம்மாள் போனை எடுத்து மாமனைக் கூப்பிட்டாள்.

"மாமா, நேத்து வர்ற வழியில காளான் பறிச்சோம்."

"எங்க? கறையான் புத்துலயா?"

"இல்ல. புல்லுல."

 மழைச் சத்தத்துக்கு மேல் மாமன் குரலை உயர்த்தினார்.



"நாங்க புத்துல மொளைக்கிறத மட்டும்தான் எடுப்போம் தைலா. புல்லுல நிக்கிறத நான் தொட்டதே இல்ல. அது இன்னான்னு எனக்கே தெரியாது. யாரும் திங்கலயே?"

அவள் போனை வைத்து, அடுப்பிலிருந்ததைக் குப்பையில் கொட்டிவிட்டு, அறிவுச்செல்வனைக் கூப்பிட்டாள்.

அறிவுச்செல்வன் குட்டியானையோடு வந்தான். ஜெயசுதாவைத் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கிளம்பும்போது கடையில் மாவு பிசையும் பூமாலை, தைலம்மாளின் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஐம்பது வயதுக்காரி, அவள்மேல் உண்மையான அக்கறை உள்ளவள்.

"தைலா, நான் சொல்றத கேளு. ஜெயசுதாவ மட்டும் ஆஸ்பத்திரிக்கு கூட்டிகினு போ. மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆவாது. நீயா போய் சொல்லிட்டு நின்னா கடைய இழுத்து மூடிடுவாங்க. உன்ன புடிச்சிகினு போயிடுவாங்க."

தைலம்மாள் அதை நினைக்காமல் இல்லை. வண்டியில் போகும்போது அது மட்டும்தான் நினைவில் ஓடியது. போலீஸ், பேப்பரில் படம், பூட்டிய ஷட்டர். அதன் கூடவே சுபலட்சுமி பீட்சா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்துபோனதும்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் அம்மாள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். எப்போது தின்றார், எப்போது வாந்தி ஆரம்பித்தது, எவ்வளவு காளான். வதக்காமல் மீதியிருந்த காளானைத் தைலம்மாள் பாலித்தீன் பையில் கொண்டுவந்திருந்தாள். டாக்டர் ஒரு குடையைத் திருப்பி அடிப்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார்.

"சாப்ட்டு ரெண்டு மணி நேரத்துல வாந்தி வந்திருக்கு. பொதுவா சீக்கிரம் வந்தா உயிருக்கு பயம் கம்மி" என்றார்.

தைலம்மாள் மூச்சு விட்டாள்.

"ஆனா ஒரே வகைதான் பறிச்சீங்கன்னு உறுதியா சொல்ல முடியுமா? இன்னொரு வகை இருக்கு. மொத நாள் ஒண்ணும் தெரியாது. அப்புறம் வாந்தி வந்து நிக்கும். சரியாயிடுச்சின்னு வூட்டுக்கு போயிடுவாங்க. அதுக்குள்ள ஈரல் போயிருக்கும். கூடையில ரெண்டும் கலந்திருந்தா?"

தைலம்மாளுக்குத் தெரியவில்லை. எல்லாமே ஒன்றுபோலத்தான் இருந்தன.

"வேற யாரு சாப்ட்டாங்க?"

பூமாலையின் குரல் காதில் இருந்தது. தைலம்மாள் அத்தனை பேரையும் சொன்னாள்.

"நீங்க?"

"ஒரு துண்டு."

"எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. நல்லா இருந்தாலும் வரணும். நீங்களும் அட்மிட் ஆவணும்."

"கூட்டிகினு வந்துட்டு ஆவறேன் மேடம்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே ஓடினாள்.

வீரமுத்துவின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். கதவு திறந்து கிடந்தது. கூப்பிட்டும் யாரும் வரவில்லை. உள்ளே மீனா பாயில் குப்புறக் கிடந்தாள். ஒரு கை பாய்க்கு வெளியே நீண்டிருந்தது. தைலம்மாள் மண்டியிட்டுப் பிள்ளையைத் திருப்பினாள். தலை தொங்கியது. பெயரைச் சொல்லிக் கத்தினாள். தோளைப் பிடித்து உலுக்கினாள்.

பிள்ளை கண்ணைத் திறந்து சிணுங்கியது. "தூங்குறேன்ல."

"காளான் தின்னியா பாப்பா? வயிறு வலிக்குதா?"

"எனக்கு காளான் புடிக்காது. எடுத்துப் போட்டுட்டேன். தாத்தாதான் எல்லாத்தையும் தின்னுட்டாரு."

கொல்லைப்பக்கம் ஒரு முனகல் கேட்டது. கழிப்பறை வாசலில் வீரமுத்து சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்திருந்தார். வேட்டி நனைந்திருந்தது. "ஒண்ணுமில்லம்மா, வயசாச்சி, சேரல" என்றார். நாக்குக் குழறியது. இரண்டு பேருடைய காளானும் அவர் வயிற்றில் இருந்தது. அறிவுச்செல்வன் அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். பிள்ளை அழுதுகொண்டே பின்னால் வந்தது.

அவரையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு சங்கராபுரத்துக்குத் திருப்பினார்கள். சுபலட்சுமியின் புருஷன் முருகன் உரக்கடையில் வேலை பார்க்கிறவன். போனில் விஷயத்தைச் சொன்னபோது முதலில் அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் கத்தவில்லை. "அவ போன் ரிங் போய்க்கினே கீதுக்கா, எடுக்க மாட்டேங்குறா" என்று மட்டும் சொன்னான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

தைலம்மாளுக்கு இப்போது வயிற்றைப் பிசைந்தது. நாக்கில் உப்புநீர் ஊறியது. தான் தின்ற துண்டா, பயமா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தாள். இருபுறமும் கரும்பு வயலும் மரவள்ளியுமாக ஓடின.

"அக்கா, நான்தான் வண்டிய நிறுத்துனேன்" என்றான் அறிவுச்செல்வன். "நான் அத பாக்காம வந்திருந்தா…"

"அதேதான்னு சொன்னது நான்" என்றாள் அவள். 

வீட்டு அடையாளத்தை முருகன் சொல்லியிருந்தான். சுபலட்சுமியின் அம்மா சின்னப்பொண்ணு வாசலிலேயே நின்றாள். "பஸ்ஸுல வாந்தி எடுத்துகினே வந்துச்சாம். புள்ளத்தாச்சிக்கு சகஜம்தானேன்னு எலுமிச்சம்பழம் குடுத்து படுக்க வெச்சிருக்கேன்" என்றாள்.

சுபலட்சுமி கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. பாதிப் பெட்டி பீட்சா அலமாரியில் அப்படியே இருந்தது. தைலம்மாள் விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தன் வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"காலைல அசைஞ்சிது. இப்ப அசையலக்கா" என்றாள்.

கள்ளக்குறிச்சிக்குத் திரும்பிய வழி முழுக்க தைலம்மாள் வண்டியின் பின்னால் உட்கார்ந்து சுபலட்சுமியின் தலையை மடியில் வைத்திருந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் தன் உடம்பை மெத்தையாக்கிக் கொடுத்தாள். சின்னப்பொண்ணு மகளைப் பார்க்கவில்லை. தைலம்மாளின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தப் பார்வையைவிட அவள் நாலு அறை அறைந்திருக்கலாம்.

பிரசவ வார்டில் ஒரு நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்துத் தேடினார். கதவு இடுக்கு வழியாக அந்தக் கரகரப்பு வெளியே கேட்டது. கருவியை இடம் மாற்றினார். மறுபடியும் கரகரப்புதான். உரக்கடையிலிருந்து ஓடிவந்திருந்த முருகன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். மூன்றாவது இடத்தில் வைத்தபோது, குதிரை ஓடுவதுபோலத் தடதடவென்று ஒரு சத்தம் கேட்டது. தைலம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"துடிப்பு இருக்கு. ஆனா பாத்துகினேதான் இருக்கணும்" என்றார் நர்ஸ்.

இன்னும் ஒருவர் பாக்கி. அந்த சிவப்பு ஹெல்மெட்.

பெயர் தெரியாது, ஊர் தெரியாது. பைக்கின் நிறம்கூட அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அறிவுச்செல்வன்தான் மைக்கைக் காட்டினான். "இருட்டறதுக்குள்ள ஒரு சுத்து வந்துடலாம்க்கா. நான் பேசறேன்."

"என் கடை. நானே பேசறேன்" என்றாள்.

வெங்காயம் என்ன விலை என்று கேட்டுப் பழகிய தெருக்களில் அன்று சாயங்காலம் அவள் குரல் போனது. "நான் தைலா பீட்சா கடை தைலம்மாள் பேசுறேங்க. இன்னைக்கு என் கடையில காளான் பீட்சா வாங்கினவங்க தயவுசெஞ்சி சாப்பிடாதீங்க. சாப்ட்டிருந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க. அது வெசக்காளானுங்க. தப்பு என்னோடதுங்க." திரும்பத் திரும்ப இதையே சொன்னாள். ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள். பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஒருவர் வண்டியோடு நடந்து வந்து, போன வாரம் என் மகன் கோழி பீட்சா தின்றானே, அவனுக்கும் ஏதாவது ஆகுமா என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டில் ஓரிருவர் போனில் படம் பிடித்தார்கள். சிவப்பு ஹெல்மெட்டில் யார் போனாலும் அறிவுச்செல்வன் விரட்டிப் போய் மறித்தான். ஒருவரும் அவர் இல்லை.

அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, சொன்னபடி அட்மிட் ஆனாள்.

பக்கத்துக் கட்டிலில் ஜெயசுதா. கையில் டிரிப்ஸ். அடுத்த நாள் காலை வாந்தி நின்றது. "பசிக்குது" என்றாள். கேட்ட மற்றவர்களுக்கு நிம்மதி. தைலம்மாளுக்கு மட்டும் பயம் கூடியது. வாந்தி வந்து நிற்கும், சரியாகிவிட்டது என்று தோன்றும் என்று டாக்டர் சொன்னது இதைத்தானே. ஜெயசுதாவின் கண்ணில் மஞ்சள் தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள்.

"இன்னாடி என் மூஞ்சிய அப்படி பாக்குற?"

"சும்மா."

"நான் செத்துடுவனா தைலா? நேரா சொல்லு."

"தெரில சுதா" என்றாள். ஜெயசுதா அவள் பக்கம் கையை நீட்டினாள். அந்தக் கையை அவள் ஜாக்கிரதையாக, ஊசி குத்திய இடத்தில் படாமல் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் அனுப்பிய படத்துக்குப் பதில் வந்தது. அடிப்பக்கம் பச்சை பூக்கும் அந்த வகை வயிற்றைத்தான் படாதபாடு படுத்தும், ஈரலைத் தொடாதாம். ஆனால் வதக்கித் தின்றதில் வேறு எதுவும் இருந்ததா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். காலையும் மாலையும் எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள். வீரமுத்துவுக்கு ரத்த அழுத்தம் இறங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். மீனா தினமும் வந்து கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். தைலம்மாளைப் பார்த்தால் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் அவள் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாளும் ஈரல் எல்லோருக்கும் சரியாகவே இருந்தது. அதன்பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினார்கள். வீரமுத்து கடைசியாக, பாதி உடம்பாக, பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "கண்டக்டரா இருந்தப்ப கண்ட கடையிலயும் தின்னவன் நான். ஒண்ணும் ஆவலயே" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். தைலம்மாள் அவர் காலில் விழுந்தாள். அவர் பதறிப்போய் எழுப்பினார்.

அதிகாரிகள் வந்து கடையைச் சோதித்து, சில வாரம் மூடச் சொன்னார்கள். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தானே மைக்கில் சொன்னது அவளுக்குக் கொஞ்சம் உதவியது. திறந்தபிறகும் ஒரு மாதம் மேசைகள் காலியாகக் கிடந்தன. பூமாலை பிசைந்த மாவைத் தினமும் சாயங்காலம் கொட்டினார்கள். அப்புறம் வீரமுத்து மீனாவைக் கூட்டிக்கொண்டு வந்து, வெளியே தெரியும்படி ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து தின்றார். அடுத்த வாரமும் வந்தார். மெல்ல மெல்லத் தெரு திரும்பி வந்தது.

சுபலட்சுமிக்கு மாசி மாதம் பெண் குழந்தை பிறந்தது. அதுவரை தைலம்மாள் முழுத் தூக்கம் தூங்கவில்லை. குழந்தையைப் பார்க்கப் போனவள் முதலில் விரல்களை எண்ணினாள். சின்னப்பொண்ணு அதைக் கவனித்தாள். "எல்லாம் சரியாத்தான் கீது. நானும் எண்ணிட்டேன்" என்றாள். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவள் தைலம்மாளிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

அந்த ஹெல்மெட்காரர் யாரென்று இன்றுவரை தெரியாது. அந்த வாரத்தில் எங்கும் அப்படி ஒரு சாவு இல்லை என்று அறிவுச்செல்வன் சுற்றுவட்டாரமெல்லாம் விசாரித்து வந்து சொன்னான். நன்றாகத்தான் இருப்பார் என்று ஜெயசுதா சொல்கிறாள். தைலம்மாளும் தலையாட்டுகிறாள். அவர் வெளியூர்க்காரராக இருந்திருக்கலாம் என்பதை அவர்களிடம் சொல்வதில்லை.

அடுத்த மழைக்கு மாமன் வீட்டில் ஒரு விசேஷம். மூவரும் போனார்கள். கருப்பண்ணன் விடியலில் தானே புற்றிலிருந்து எடுத்து வந்த காளானைக் குழம்பு வைத்திருந்தார்கள். இலையில் ஊற்றும்போது அத்தையின் கை தயங்கியது. "வேணாம்னா வுட்டுடு கண்ணு" என்றாள். ஜெயசுதா பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். அறிவுச்செல்வனும் சாப்பிட்டான். தைலம்மாள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். ருசி தெரியவில்லை. விழுங்கினாள். அத்தையைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றாள்.

மலை இறங்கும்போது அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கல்வராயன் மழையில் நனைந்து கறுத்துக் கிடந்தது. சரிவுகளில் வெள்ளையாக எது தெரிந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடிவாரம் வரும்வரை இரண்டு பக்கமும் இருந்தவர்களின் மூச்சைக் கேட்டுக்கொண்டே வந்தாள். ஜெயசுதா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அது எங்காவது நிற்கிறதா என்று தைலம்மாள் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊர் வந்தது. ஜெயசுதா இறங்கி, சோம்பல் முறித்துவிட்டு, நாளைக்குக் கொடுக்க வேண்டிய ரவிக்கை இருக்கிறது என்று தன் கடைக்குப் போனாள். தைலம்மாள் தன் கடைக்குள் போய் விளக்கைப் போட்டு உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடத் தொடங்கியது.